தளர்ந்த கால்களும் தளராத உள்ளமும்

உடல் வலிமை உடையோர் உலகில் பலர். உள்ள வலிமை உடையோர் சிலரே. உடலின் வலிமை திடீரென நீங்கிவிட்ட நிலையிலும், உள்ளத்தின் வலிமையைத் துணையாகக் கொண்டு, எஞ்சிய உறுப்புகளுக்கு உரமேற்றி, அரும்பெருஞ் செயல்களை ஆற்றியோர் அவரினும் சிலர். அத்தகைய அரியோருள் ஒருவர், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 32-ஆம் குடியரசுத் தலைவராய் விளங்கிய பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஆவார்.

ரூஸ்வெல்ட் 1882-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30-ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள ஹைடு பார்க் என்னும் ஊரில் செல்வக் குடியொன்றில் பிறந்தார். குதிரையேற்றம், நீச்சல், பாய்மரப் படகு செலுத்துதல் ஆகியவற்றில் இளமை முதலே பேரார்வம் கொண்டிருந்தார். ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் பயின்று, பின்னர்ச் சட்டமும் கற்றார். 1905-ஆம் ஆண்டில் எலினார் அம்மையாரை மணந்தார். 1910-இல் நியூயார்க் மாநிலச் சட்டமன்ற மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1913 முதல் 1920 வரை கடற்படைத் துறையின் துணைச் செயலாளராகப் பணியாற்றினார். 1920-இல் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். ஆயினும், அவருக்கு ஒளிமிக்க எதிர்காலம் உண்டு என்றே பலரும் எண்ணினர்.

1921-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ரூஸ்வெல்ட் தம் குடும்பத்தாருடன் கனடா நாட்டைச் சேர்ந்த கேம்போபெல்லோ தீவில் விடுமுறையைக் கழித்துக் கொண்டிருந்தார். 10-ஆம் நாள் மக்களுடன் படகிற் சென்றார்; வழியில் காட்டுத் தீயொன்றை அணைக்க உதவினார்; பின்னர் ஓடினார்; குளிர்ந்த நீரில் நீந்தினார். மாலையில் உடல் நடுங்கியது. மிக்க களைப்புடன் படுக்கைக்குச் சென்றார். மறுநாட் காலையில் ஒரு கால் தளர்ந்தது. அதற்கடுத்த நாள் அவரால் எழுந்து நிற்கவே இயலவில்லை. அப்பொழுது அவருக்கு அகவை 39.

முதலிற் பார்த்த மருத்துவர் இதனைக் கடுஞ்சளி என்றார். அடுத்து வந்த மருத்துவரோ, முதுகுத் தண்டில் குருதி உறைந்ததே காரணம் எனக் கருதி, கால்களை நன்றாக அழுத்திப் பிடித்துவிடுமாறு பணித்தார். எலினாரும், ரூஸ்வெல்ட்டின் நண்பர் லூயி ஹவும் இரவு பகலாக அவ்வாறே செய்தனர். ஆடை பட்டாலும் பொறுக்கவியலாத வலியோடு அவர் அதனைத் தாங்கிக் கொண்டார். இரண்டு வாரங் கழித்து வந்த, பாஸ்டன் நகரைச் சேர்ந்த இராபர்ட் லவெட் என்னும் வல்லுநர், இஃது இளம்பிள்ளை வாதம் என உரைத்து, பிடித்துவிடுதலை உடனே நிறுத்துமாறு கூறினார். அழற்சி தணியுமுன் தசைகளை அழுத்துவது தீங்கு பயக்கும் என்பது அவர் கருத்து. நல்ல மருந்தும் காலமறிந்து அளித்தாலன்றிப் பயன் தராது என்பதை அக்குடும்பத்தினர் துன்பத்தின் வாயிலாக உணர்ந்தனர். (இந்நோய் வேறொரு நரம்பு நோயாகவும் இருந்திருக்கலாம் எனப் பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர்.)

மருத்துவமனையில் சில வாரங்கள் இருந்தபின், அக்டோபர்த் திங்கள் இறுதியில் அவர் நியூயார்க் நகரிலுள்ள தம் இல்லத்திற்குத் திரும்பினார். அன்று முதல் அவ்வில்லமே அவருக்குப் பயிற்சிக் கூடமாயிற்று. பயிற்சி பெற்ற அம்மையார் ஒருவர் வந்து, தளர்ந்த தசைகளை மெல்ல நீவி, கால்களை மடக்கியும் நீட்டியும், ஒவ்வொரு தசையையும் தனித்தனியே இயக்கக் கற்பித்தார். இயக்கமற்ற உறுப்பில் குருதியோட்டம் குறையும், தசை சுருங்கும், மூட்டு இறுகும். முறையாக நீவிவிடுதல் வலியைத் தணித்து, இறுக்கத்தைத் தளர்த்தி, உறுப்பினைப் பயிற்சிக்கு ஏற்றதாக்கும். ஆயினும், இழந்த வலிமையை நீவுதல் மட்டும் மீட்டுத் தாராது. நோயாளியின் முயற்சியும் உடன்சேர வேண்டும். இவ்வுண்மையை ரூஸ்வெல்ட் நன்கு உணர்ந்தார்.

1922-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் தொடைத் தசைகள் சுருங்கி, முழங்கால்கள் மடங்கத் தொடங்கின. அவற்றை நிமிர்த்துதற்பொருட்டுக் கால்களுக்குச் சாந்துக் கட்டுகள் இட்டனர். அக்கட்டுகளின் பின்புறத்தில் நாள்தோறும் ஆப்புகளைச் சிறிது சிறிதாக உள்ளே செலுத்தினர். சித்திரவதையை ஒத்த அத்துன்பத்தையும் அவர் முணுமுணுக்காது பொறுத்தார். அதன்பின், இடுப்பு முதல் பாதம் வரை நீண்ட எஃகுத் தாங்கிகளைக் கால்களிற் பூட்டிக்கொண்டு நிற்கப் பழகினார்.

இதற்கிடையே இல்லத்தில் ஒரு கருத்து வேற்றுமை எழுந்தது. மகன் பொது வாழ்வை விடுத்து, ஹைடு பார்க்கில் அமைதியாக வாழ வேண்டும் என அன்னை சாரா விரும்பினார். கணவர் முன்போலவே உலகியலில் ஈடுபட்டாலன்றி அவருடைய உள்ளம் நலிந்துவிடும் என எலினார் வாதிட்டார். லூயி ஹவும் அதனையே வற்புறுத்தினார். அன்னையின் கருத்து அன்பினால் எழுந்ததே. எனினும் ரூஸ்வெல்ட், ஓய்வென்னும் எளிய வழியை விடுத்து, உழைப்பென்னும் அரிய வழியையே தேர்ந்துகொண்டார்.

ஹைடு பார்க் இல்லத்தின் புல்வெளியில் இரு இணைக் கம்பிகள் நடப்பெற்றன. அவற்றைப் பற்றிக்கொண்டு முன்னும் பின்னும் நகர்ந்து, அவர் நெடுநேரம் பயின்றார். கைகளாலேயே உடலைத் தூக்கி நாற்காலிக்கு மாறக் கற்றார். வீடு தீப்பற்றினால் தப்ப வேண்டுமென்று, தரையில் தவழ்ந்து செல்லவும் பழகினார். வாயில் முகப்பிலிருந்து நெடுஞ்சாலை வரை கால் மைல் தொலைவு. கக்கத்தில் ஊன்றுகோல்களை இடுக்கிக்கொண்டு அத்தொலைவைக் கடந்துவிட நாள்தோறும் முயன்றார். வியர்வை வழியும், மூச்சு வாங்கும், ஆயினும் மறுநாளும் முயல்வார். கால்கள் வலிமை பெறவில்லை. தோள்களும் மார்பும் கைகளுமோ மல்லர்க்குரியனபோல் திரண்டன.

1922-ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் தம் அலுவலகத்திற்குச் சென்றபொழுது, வழவழப்பான தரையில் ஊன்றுகோல் வழுக்கி, பலர் காண வீழ்ந்தார். நாணிக் குன்றாமல், சிரித்தவாறே அருகிலிருந்தோர் உதவியை நாடி எழுந்தார். 1924-ஆம் ஆண்டு சூன் திங்களில், நியூயார்க்கில் நடைபெற்ற தம் கட்சியின் மாநாட்டு மேடையில் ஊன்றுகோல்களின் துணையால் நடந்து சென்று உரையாற்றினார். கூடியிருந்தோர் ஆரவாரித்து மகிழ்ந்தனர்.

அவ்வாண்டு அக்டோபரில் அவர் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள வார்ம் ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூருக்குச் சென்றார். அங்கு இயற்கையாகவே வெதுவெதுப்பான நீர் ஊற்றெடுக்கிறது. அந்நீரில் உடல் எளிதில் மிதக்கும். தரையில் அசையாத காலும் நீரில் அசையும். இதனை நேரிற் கண்ட ரூஸ்வெல்ட், தம் செல்வத்தின் பெரும் பகுதியைச் செலவிட்டு 1926-இல் அவ்விடத்தை வாங்கினார். 1927-இல் அங்கு மருத்துவ அறநிலையம் ஒன்றை நிறுவினார். தசைகளை நீவுதலிலும் பயிற்சி அளித்தலிலும் தேர்ந்தவர்கள் அங்கு அமர்த்தப்பெற்றனர். ரூஸ்வெல்ட்டும் நீரில் இறங்கி, தம்மையொத்த நோயாளர்க்குப் பயிற்சிகளைக் கற்பித்தார். ஆயினும், அந்நாளைய நிறவேற்றுமையால் கறுப்பு மக்களுக்கு அந்நிலையத்தில் இடம் தரப்படவில்லை. அவர்களுக்கென டஸ்கீகி நகரில் தனி மருத்துவ நிலையம் 1941-ஆம் ஆண்டிலேதான் திறக்கப்பெற்றது.

1928-இல் நியூயார்க் மாநில ஆளுநராகவும், 1932-இல் நாட்டின் குடியரசுத் தலைவராகவும் அவர் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அதன்பின் 1936, 1940, 1944 ஆகிய ஆண்டுகளிலும் மக்கள் அவரையே தேர்ந்தனர். அமெரிக்க வரலாற்றில் நான்கு முறை அப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றவர் அவர் ஒருவரே. பொருளாதார வீழ்ச்சியால் வேலையிழந்து வாடிய மக்களுக்குப் பல திட்டங்களை வகுத்தார்; 1935-இல் முதியோர்க்கும் வேலையற்றோர்க்கும் உதவும் சமூகக் காப்புச் சட்டத்தை நிறைவேற்றினார். பணிகள் மலைபோற் குவிந்தும், உடலைப் பேணுதலை அவர் மறக்கவில்லை. மக்கள் அளித்த நன்கொடையால் 1933-இல் வெள்ளை மாளிகையில் நீச்சற் குளம் அமைக்கப்பட்டது. கடற்படை மருத்துவப் பணியாளர் ஜார்ஜ் பாக்ஸ் அவருடைய தசைகளை நீவிவிடுவார். எத்துணை முயன்றும் பிறர் துணையின்றி நடக்கும் ஆற்றல் அவருக்கு மீண்டும் வாய்க்கவில்லை. தம் குறையைப் பொதுமக்கள் அதிகம் காணாதவாறு அவர் மறைத்தே வந்தார். 1945-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள், மக்கட் பேரவையில் அமர்ந்தவாறே உரையாற்றியபொழுதுதான், கால்களிற் பூட்டிய எஃகின் சுமையை வெளிப்படையாகக் குறிப்பிட்டு, அமர்ந்து பேசுதற்குப் பொறுத்தருள வேண்டினார்.

அவ்வாண்டு ஏப்ரல் 12-ஆம் நாள், தாம் பெரிதும் விரும்பிய வார்ம் ஸ்பிரிங்சிலேயே அவர் இயற்கை எய்தினார். எனினும் அவர் தொடங்கிய பணி நின்றுவிடவில்லை. இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்க 1938-இல் அவர் ஏற்படுத்திய தேசிய நிறுவனத்திற்குச் சிறுவர் முதல் முதியோர் வரை அனைவரும் பத்துக் காசு நாணயங்களை அனுப்பினர். அப்பொருள் ஆராய்ச்சிக்கு உதவியது. அதன் பயனாக ஜோனஸ் சால்க் என்னும் அறிஞர் கண்ட தடுப்பு மருந்து நற்பயன் தருவதாக, ரூஸ்வெல்ட் மறைந்த பத்தாம் ஆண்டு நிறைவு நாளில், 1955-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-இல் அறிவிக்கப்பட்டது.

ரூஸ்வெல்ட் தம் கால்களின் வலிமையை மீட்க முயன்றார். அஃது அவருக்குக் கைகூடவில்லை. ஆயினும், அம்முயற்சி அவருக்குப் பொறுமையை அளித்தது. துன்புறுவோர் துயரைத் தம் துயராக எண்ணும் நெஞ்சையும் நல்கியது. நாள்தோறும் உடலைப் பயிற்றுதலும், அதற்கு உரிய பொழுதில் ஓய்வும் சிகிச்சையும் அளித்தலும் நம் கடமை. விரும்பிய பயன் கிட்டாதவிடத்தும், நன்முயற்சி வேறொரு வகையில் பயன் தந்தே தீரும் என்பதை மாணவர்கள் இப்பெரியாரின் வாழ்விலிருந்து அறிந்து, ஊக்கத்தைக் கைவிடாது ஒழுகுவார்களாக.