இறப்பர் கண்ட சாள்ஸ் குட்இயர்

சாள்ஸ் குட்இயர் என்பார் ஐக்கிய அமெரிக்காவிலே நியூ ஹேவன் நகரில் 1800ஆம் ஆண்டு டிசெம்பர் 29ஆந் தேதி பிறந்தார். தந்தையாருடன் நடத்திய இரும்புச் சாமான் வாணிகம் முறிந்தபின் கடன் அவரை விடாது தொடர்ந்தது. அதன்பொருட்டுப் பன்முறை சிறையும் புகுந்தார். அக்காலத்து இறப்பர் வெயிலில் இளகி ஒட்டும்; குளிரில் விறைத்து வெடிக்கும். அதனைத் திருத்துவதிலேயே அவர் மனம் ஊன்றிற்று. அதனால் மனைவி மக்கள் பட்ட வறுமையை எழுதப் புகின் ஏடு கொள்ளாது. 1839இல், கந்தகங் கலந்த இறப்பர் சூடான அடுப்பிற் பட்டு, உருகாமல் தோல்போற் கருகியதைக் கண்டார். தற்செயல் என்பர் சிலர். பல்லாண்டு அதனையே தேடியவர் கண்ணுக்கன்றோ அது புலப்பட்டது!

1844இல் ஆக்கவுரிமை பெற்றார். அதனை மீறியோர் பலர். 1852இல் டே என்பவர்மீது நடந்த வழக்கிலே புகழ்பெற்ற தானியேல் வெப்ஸ்டர் அவர் பக்கம் வாதாடி வென்றார். வென்றும் பயனென்னை? 1860 ஜூலை 1ஆந் தேதி அவர் இறந்தபோது எஞ்சியது ஏறத்தாழ இரண்டு இலட்சம் டொலர் கடனே.

அவர் பெயரோ ஓயவில்லை. தம்பியார் நெல்சன் 1851இல் உரிமை பெற்ற கடின இறப்பர், கட்டுப்பல்லுக்குத் தக்க அடித்தட்டாயிற்று. பொன் தட்டுக்கு வழியில்லாத ஏழையும் இனிப் பல் கட்டிக்கொள்ளலாம். கமிங்ஸ் என்னும் பல் வைத்தியர் இம்முறைக்கு 1855இல் விண்ணப்பித்து, பலமுறை மறுக்கப்பட்டு, 1864இலேதான் உரிமை பெற்றார். அவ்வுரிமையை வாங்கிய குழு குட்இயர் பெயரையே சூட்டிக்கொண்டு, வைத்தியர்தோறும் கட்டணங் கேட்டது. கொடாதார்மேல் வழக்குத் தொடுத்தது. இடையில் இத்தனை ஆண்டு கழிந்ததால் கமிங்ஸ் உரிமையைக் கைவிட்டார் என எதிரிகள் வாதித்தனர். நோயும் வறுமையும் தடுத்தன, கைவிடவில்லை என்று 1876ஆம் ஆண்டுத் தவணையில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஏழையின் வறுமை காரணமாக நிலைத்த உரிமை, பிற வைத்தியரை வாட்டும் கருவியாயிற்று! நீதி தவறன்று, அதன் பயன் சென்ற இடமே நமக்கு உறுத்துகின்றது.

குழுவின் பொருளாளர் பேக்கன் நகர்தோறுஞ் சென்று வழக்காடினார். 1879 ஏப்பிரல் 13ஆந் தேதி சான் பிரான்சிஸ்கோ விடுதியொன்றில், வழக்கிற் சிக்கிய சால்பன்ற் என்னும் வைத்தியர் அவரைச் சுட்டுக் கொன்றார். கொலையாளிக்குப் பத்தாண்டுச் சிறை. இரங்கத்தக்கவர் இருவருமே.

1881இல் அவ்வுரிமைக் காலம் முடிந்தது. அதே ஆண்டில், 1876இல் கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்த நம் நாட்டு இறப்பர்க் கன்றுகள் முதன்முதலாகப் பூத்தன.