ஓரத்தில் நின்ற கலைஞர்: ழாக் தாத்தி

நகை என்னும் மெய்ப்பாட்டிற்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களை வகுத்தார் தொல்காப்பியர். இவற்றுள் எள்ளலைப் பெரிதும் ஒதுக்கிவிட்டு, எஞ்சிய மூன்றைக் கொண்டே ஒரு முழுநீளத் திரைப்படத்தை ஆக்க இயலுமா? இயலும் என்று 1953 இல் காட்டியவர் பிரெஞ்சுக் கலைஞர் ழாக் தாத்தி. படத்தின் பெயர் 'முசியே உலோவின் விடுமுறை'.

மாணவப் பருவத்தில் இப்படத்தை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குச் சலிப்பே மிஞ்சியது. கதை எப்போது தொடங்கும் என்று காத்திருந்தேன், படம் முடிந்துவிட்டது. அண்மையில் மீண்டும் பார்த்தேன். தொடங்காதது கதையன்று, என் பார்வையே என்பது அப்போதுதான் விளங்கிற்று.

தாத்தி 1907 அக்டோபர் 9 அன்று பாரிஸுக்கு அருகிலுள்ள லெ பெக் என்னும் ஊரில் பிறந்தார். இயற்பெயர் ழாக் தாத்திஷெஃப். தந்தைவழிப் பாட்டனார் ரஷ்யப் பிரபு. குடும்பத்தொழிலோ ஓவியங்களுக்குச் சட்டமிடுவது. இளைஞரான தாத்தியும் அத்தொழிலையே பயின்றார். எதைச் சட்டத்துக்குள் வைப்பது, எதை வெளியே விடுவது என்ற கேள்வி அவரைக் கடைசிவரை விடவில்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆறடியைத் தாண்டிய உயரம்; ரக்பி ஆட்டத்தில் ஈடுபாடு. ஆட்டம் முடிந்தபின் சக வீரர்களைப் போல நடித்துக் காட்டிச் சிரிக்கவைத்த பழக்கமே அவரை 1930களில் இசையரங்குகளுக்கு இட்டுச் சென்றது. சொல்லின்றி உடலால் மட்டுமே டென்னிஸ் வீரர், குத்துச்சண்டை வீரர், குதிரை, குதிரையின்மேல் அமர்ந்தவர் என மாறிமாறித் தோன்றினார். எழுத்தாளர் கொலெத் 1936 இல் அவரை வியந்து எழுதினார்.

போருக்குப் பின் செயிந்த் செவேர் என்னும் சிற்றூரில் மிதிவண்டித் தபால்காரரை நாயகராக்கி 'திருவிழா நாள்' படத்தை எடுத்தார் (1949). அதை வண்ணத்திலும், காப்பாகக் கறுப்பு வெள்ளையிலும் ஒருசேரப் படம்பிடித்தார். வண்ணச் சுருளிலிருந்து படிகள் எடுக்க இயலாமற்போகவே, கறுப்பு வெள்ளைப் படமே வெளிவந்தது. வண்ண வடிவத்தை அவருடைய மகள் சோஃபி மீட்டெடுத்து வெளியிட்டது 1995 இல்; தந்தை மறைந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின்.

இனி, 'விடுமுறை'. தொடர்வண்டி நிலையத்தில் ஒலிபெருக்கி எதையோ முழங்குகிறது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. பயணிகள் ஒரு நடைமேடையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடுகிறார்கள். உலோவோ வெடித்தும் விக்கியும் செல்லும் பழைய மோட்டார் வண்டியில், செயிந்த் நசேர் அருகிலுள்ள செயின் மார்க் கடற்கரைக்கு வந்து சேர்கிறார். அவர் விடுதிக் கதவைத் திறந்ததும் காற்று உள்ளே புகுந்து எல்லாவற்றையும் கலைத்துவிடுகிறது. யாருக்கும் தீங்கு நினையாதவர். போகுமிடமெல்லாம் அமைதியைக் குலைப்பவர். சக்கரக் குழாயில் இலைகள் ஒட்டிக்கொள்ள, இறுதிச் சடங்குக்கு வந்தோர் அதை மலர்வளையம் என்று எண்ணி வாங்கிக்கொள்கிறார்கள். அவரும் துக்கம் கேட்போரின் வரிசையில் நின்றுவிட நேர்கிறது.

எனினும் என் நெஞ்சில் நிற்பது உலோ இடம்பெறாத ஒரு காட்சி. கைக்கு ஒன்றாக இரண்டு பனிக்கூழ்களை ஏந்திய சிறுவன் படியேறுகிறான். கதவின் கைப்பிடியைத் திருப்பவேண்டும். பனிக்கூழ் கவிழப்போகிறது என்று நாம் பதறுகிறோம், கவிழவில்லை. அவ்வளவுதான். வேறொரு கலைஞராயிருந்தால் அதைக் கவிழ்த்துச் சிரிப்பை ஈட்டியிருப்பார். தாத்தி நம் பதற்றத்தை நம்மிடமே விட்டுவிட்டு நகர்கிறார். கவிதை எழுதும் நண்பர்கள் இந்தச் சில நொடிகளைப் பார்க்கவேண்டும். எழுதாமல் விட்ட அடியின் வலிமை இதில் உண்டு.

'என் மாமா' (1958) அவருக்கு ஆஸ்கார் விருதைத் தந்தது. அந்தப் புகழை முதலாக்கித்தான் 'விளையாட்டு நேரம்' எடுக்கத் துணிந்தார். பாரிஸின் புறத்தே கண்ணாடியும் எஃகுமாக ஒரு நகரையே எழுப்பினார். 1967 இல் வெளிவந்த அப்படத்தில் உலோ கூட்டத்தில் ஒருவர், அவ்வளவே. அகன்ற 70 மி.மீ. திரையில் எங்கு நோக்குவது என்பதைக் காண்போரே முடிவுசெய்யட்டும் என்று விட்டார். மக்களோ தங்கள் உலோவைத் தேடினார்கள். வசூல் வீழ்ந்தது. கடன் சூழ்ந்தது. வீடும் போயிற்று, தம் படங்களின் உரிமையும் போயிற்று. தம்மையே மையத்திலிருந்து விலக்கிக்கொண்ட கலைஞர் அதற்குக் கொடுத்த விலை இது. அவர் எடுத்த முழுநீளப் படங்கள் மொத்தம் ஆறே.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். போர்க்காலத்தில் பாரிஸ் மேடையில் உடன் பணியாற்றிய நடனப் பெண் ஒருவருக்குப் பிறந்த தம் மகளை அவர் ஏற்று வளர்க்கவில்லை. 'விடுமுறை'யின் முடிவில் விருந்தினர் ஒருவருக்கொருவர் முகவரி தந்து பிரிகின்றனர். உலோவை யாரும் பொருட்படுத்தவில்லை. அவர் குழந்தைகளோடு மணலில் போய் அமர்கிறார். ஆங்கிலப் பெண்மணியும், மனைவியின் பின்னால் நடந்தே விடுமுறையைக் கழித்த முதியவரும் மட்டும் அவரிடம் விடைபெறுகிறார்கள். அந்த மணற்காட்சியை முன்போல எளிதாக என்னால் இப்போது பார்க்க முடிவதில்லை. பார்க்காமல் இருக்கவும் முடிவதில்லை.

இப்படத்தை அவர் முடிந்துபோனதாக ஒருபோதும் கருதவில்லை. மீண்டும் மீண்டும் வெட்டி ஒட்டினார். உலோவின் சிறு படகு இரண்டாக மடிந்து சுறாவின் வாய்போல் திறந்து மூடும் காட்சி ஒன்று உண்டு. சுறாவைப் பற்றிய அமெரிக்கப் படம் 1975 இல் உலகை அச்சுறுத்தியபின், எழுபது வயதில் தாத்தி பழைய கடற்கரைக்குத் திரும்பினார். படகைக் கண்டு மக்கள் கரையில் அலறி ஓடும் பகுதியை 1978 இல் படமாக்கி, கால் நூற்றாண்டுக்கு முந்தைய சுருளோடு இணைத்தார். தையல் தெரியவில்லை. இன்று நமக்குப் பெரிதும் காணக்கிடைப்பது அந்த வடிவமே.

1982 நவம்பர் 4 அன்று பாரிஸில் மறைந்தார். செயின் மார்க்கில் இப்போது ஒரு வெண்கலச் சிலை கடற்கரையை நோக்கி நிற்கிறது. சிலை உலோவுடையது.