ஹாலி பிளானகன் அம்மையார்

நாட்டில் வறுமை மிகுங்கால் அரசாங்கத்தார் செலவைச் சுருக்க முற்படுவது இயல்பு. அப்போது முதன்முதல் வெட்டுண்பது பெரும்பாலும் கலைக்கென ஒதுக்கிய பொருளேயாம். பசித்திருப்பவனுக்கு நாடகம் எதற்கு என்னும் வினா அறிவுடையோரிடத்தும் எழுவதுண்டு. அவ்வினாவிற்குத் தம் செயலால் விடையிறுத்தவர் ஹாலி பிளானகன் என்னும் அமெரிக்கப் பெருமாட்டியார். அவர் கல்லூரியில் கற்றுக் கல்லூரியிலேயே கற்பித்தவராதலின், அவர் வரலாறு கல்லூரி மாணாக்கராகிய நாம் அறியத்தக்கதாகும்.

அம்மையார் தெற்கு டக்கோட்டா மாநிலத்து ரெட்பீல்டு என்னும் ஊரிற் பிறந்து, அயோவா மாநிலத்துக் கிரின்னெல் நகரில் வளர்ந்தார். அந்நகரிலுள்ள கல்லூரியில் 1911-ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். இளமையிலேயே கணவரைச் சயரோகத்திற்குப் பறிகொடுத்தார். சில ஆண்டுகளில் மூத்த புதல்வனையும் இழந்தார். துயரத்தைத் தொழிலில் அடக்கி, ஹார்வர்டில் பேக்கர் என்னும் பேராசிரியரிடம் நாடகக்கலை பயின்றார். 1925-ல் வாஸர் மகளிர் கல்லூரியில் ஆசிரியராய் அமர்ந்தார். ஐரோப்பிய நாடுகளின் நாடக அரங்குகளைச் சுற்றிப் பார்த்துவந்து, தம் மாணவியரைக் கொண்டு புதுமுறை நாடகங்களை நடத்தினார். மழையின்றி வருந்திய உழவர்களின் நிலையைக் காட்டி 1931-ல் அவர் அரங்கேற்றிய நாடகம் பலருடைய கவனத்தையும் ஈர்த்தது.

1929-ஆம் ஆண்டு தோன்றிய பொருளாதார வீழ்ச்சியால் அமெரிக்காவில் இலட்சக்கணக்கானோர் வேலையிழந்தனர். நடிகர்க்கோ துன்பம் இருமடங்காயிற்று. பேசும் படம் வந்து அவர்கள் மேடையை முன்னரே கவர்ந்துகொண்டிருந்தது. பிரசிடெண்டு ரூஸ்வெல்ட் வேலையற்றோர்க்கு வேலையளிக்க வகுத்த பெருந்திட்டத்தை நடத்தியவர் ஹாரி ஹாப்கின்ஸ். இவரும் கிரின்னெல் கல்லூரியிற் பயின்றவரே. சாலையிடுவோர்க்குக் கூலி கொடுத்தாற்போல நடிகர்க்கும் அவரவர் தொழிலிலேயே கூலி கொடுத்தல் வேண்டும் என்பது இவர் துணிபு. 1935-ல் கூட்டரசு நாடகத் திட்டத்தின் தலைமையை அம்மையாரிடம் ஒப்புவித்தார்.

விரைவில் 12,000-க்கு மேற்பட்டோர் அத்திட்டத்தில் ஊதியம் பெற்றனர். செலவில் பத்தில் ஒன்பது பங்கு கூலிக்கே சென்றது. கட்டணமின்றியும் சிறு கட்டணத்திற்கும் நாடகங்கள் நடைபெற்றன. மருத்துவ சாலைகளிலும், பூங்காக்களிலும், தொழிலாளர் முகாம்களிலுங்கூட நடைபெற்றன. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின நடிகர்களே 1936-ல் மாக்பெத் நாடகத்தை நடித்தனர். அவ்வாண்டு அக்டோபர் 27-ந் தேதி, சர்வாதிகாரத்தின் கொடுமையைக் காட்டும் ஒரே நாடகம் 20-க்கு மேற்பட்ட அரங்குகளில் ஓரிரவிலேயே தொடங்கிற்று. வீட்டுவசதியின்மை முதலிய பொதுக்குறைகளை மேடையில் விளக்கும் உயிருள்ள செய்தித்தாள் என்னும் நாடகவகையும் தோன்றியது.

அரசின் பொருளைப் பெறுங்கலை அரசின் கைப்பாவையாகிவிடாதோ என்று ஐயுறுவார் உளர். அவ்வையத்திற்கு இடமில்லாமற் போகவில்லை. இத்தாலி எத்தியோப்பியாவின்மீது படையெடுத்ததைப் பற்றிய நாடகமொன்று 1936 ஜனவரியில் மேலிடத்துத் தலையீட்டால் நின்றது. நியூயார்க் கிளையின் தலைவர் எல்மர் ரைஸ் அது பொறாது பதவி துறந்தார். அம்மையார் துறக்கவில்லை. இருவருள் யார் செய்தது நேரிது என்று எளிதிற் கூறல் இயலாது. ஒருவர் கொள்கையைக் காத்தார். மற்றவர் பல்லாயிரவர் பிழைப்பைக் கையில் ஏந்திநின்றார்.

1937-ல் செலவுச் சுருக்கம் வந்தது. புதிய நாடகங்களைத் தொடங்கலாகாதென்று ஆணை பிறந்தது. அவ்வாண்டு ஜூன் 16-ந் தேதி, பூட்டிய அரங்கின் வாயிலில் நின்ற நடிகரும் மக்களும் தெருவழியே வேறோர் அரங்கிற்குச் சென்றனர். அங்கே இசையமைத்தவர் ஒருவரே மேடையில் பியானோ வாசிக்க, நடிகர்கள் மக்களிடையே இருந்தவாறே தத்தம் பகுதியை நடித்தனர்.

அடுத்த ஆண்டு, டைஸ் என்பவர் தலைமையில் அமைந்த காங்கிரஸ் சபை விசாரணைக்குழு, திட்டத்திற் பொதுவுடைமைவாதம் புகுந்துள்ளதெனக் குற்றஞ் சாட்டியது. டிசம்பர் 6-ந் தேதி அம்மையார் கணக்குகளுடன் சாட்சியம் அளித்தார். அவர் எழுதிய கட்டுரையொன்றில் மார்லோவின் பெயரைக் கண்ட உறுப்பினர் ஒருவர், அம்மனிதரும் பொதுவுடைமைவாதியோ என வினவினார். 1593-லேயே மறைந்த ஆங்கில நாடகப் புலவர் அவர்! அவையோர் நகைத்தனர்; அம்மையார் நகைத்திலர். அவ்வறியாமையால் 8,000 பேர் வேலையிழத்தல் கூடும் என்பதே அவர் நினைவாயிருந்தது. இறுதியுரை கூற அவர் வேண்டியும் மீண்டும் அழைக்கப்படவில்லை.

1939 ஜூன் 30-ந் தேதி காங்கிரஸ் சபையின் சட்டத்தால் திட்டம் முடிவுற்றது. அன்றிரவு நியூயார்க்கில் பினோக்கியோ என்னும் சிறுவர் நாடகம் நடந்தது. வழக்கமாக முடிவில் மரப்பாவை உயிருள்ள சிறுவனாகும். அன்று அஃது இறந்ததாகக் காட்டி, மக்கள் காணவே மேடைக் காட்சிகளைக் கலைத்தனர்.

நான்காண்டிற் செலவானது ஏறத்தாழ 4 கோடியே 60 லட்சம் டாலர். வேலையளிப்புத் திட்டத்தின் மொத்தச் செலவில் இது நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. இதனை நிறுத்தியதால் அரசுக்கு மிஞ்சியது சிறிது. கூலியிழந்தோர்க்கும், நாடகத்தை முதன்முதலாகக் கண்டு மகிழ்ந்த எளியோர்க்கும் நேர்ந்த இழப்போ பெரிது.

அம்மையார் அவ்வரலாற்றை 1940-ல் நூலாக வெளியிட்டார். பின்னர் ஸ்மித் கல்லூரியிற் பணியாற்றி, 1969-ல் மறைந்தார். அதற்கு முன்பே, 1965-ல், அமெரிக்க அரசு கலைகளுக்கென நிலையான தேசிய நிதியமைப்பை நிறுவிற்று. திட்டத்தின் ஏடுகள் பல்லாண்டு மறக்கப்பட்டுக் கிடந்து, 1974-ல் பால்டிமோர் நகருக்கருகில் விமானக் கொட்டகையொன்றிற் கண்டெடுக்கப்பட்டன.

பசித்தவனுக்கு நாடகம் எதற்கு என்று வினவுவோர், அப்பசித்தவனே நடிகனாயிருந்தால் யாது செய்வது என்பதையும் எண்ணுதல் வேண்டும். அவனுக்கு நாடகமே சோறு. காண்பவனுக்கோ அது கவலைமிக்க நாளிற் கிடைத்த நல்லறிவும் நகையுமாம். இதனை உணர்ந்து, தோல்வி வரும் என அறிந்தும் கணக்கும் உண்மையுமே படைக்கலமாக நின்ற அம்மையாரின் உறுதி, கற்றோர் யாவரும் மேற்கொள்ளத்தக்கதாகும்.