கண்ணாடிக் கலைஞர் டிஃபனி

முன்னோர் ஈட்டிய செல்வத்தைக் காத்து வாழ்வோர் பலர். அச்செல்வத்தின் நிழலை விட்டு நீங்கித் தமக்கெனத் தனிவழி கண்டோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் அமெரிக்கக் கலைஞர் லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனி.

இவர் 1848ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 18ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தையார் சார்லஸ் டிஃபனி அந்நகரின் புகழ்பெற்ற நகை வணிகர். மைந்தரோ வணிகத்தில் மனம் செலுத்தாது ஓவியம் பயின்றார். பாரிஸ் நகரில் கற்றார். வட ஆப்பிரிக்க நாடுகளில் பயணம் செய்து நிறங்களின் பொலிவைக் கண்டு மகிழ்ந்தார். அந்நிறங்களைத் துணியில் தீட்டுவதோடு அவர் உள்ளம் அமையவில்லை. ஒளி ஊடுருவும் கண்ணாடியிலேயே அவற்றைக் காண விழைந்தார்.

பழங்காலத்து உரோமரும் சிரிய நாட்டவரும் செய்த கண்ணாடிக் கலங்களை டிஃபனி விரும்பித் தொகுத்தார். பல நூற்றாண்டுகள் மண்ணுள் புதைந்து கிடந்தமையால் அவற்றின் மேற்பரப்பு சிதைந்து, வானவில்லின் வண்ணங்களைக் காட்டிற்று. காலம் செய்த அவ்வேலையை உலையில் செய்து காட்ட அவர் துணிந்தார். மலிவான புட்டிகளில் கலந்திருந்த மாசுகளே அவற்றுக்கு அழகிய நிறம் தருவதையும் உணர்ந்தார். பிறர் குறையென ஒதுக்கியதை அவர் நிறையெனக் கொண்டார்.

1892ஆம் ஆண்டளவில் நியூயார்க்கை அடுத்த கொரோனாவில் உலைக்கூடம் எழுந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த ஆர்தர் நாஷ் அதனை மேற்பார்த்தார். டிஃபனி தாமே கண்ணாடி ஊதியவர் அல்லர். கருத்து அவருடையது, கைத்திறன் தொழிலாளருடையது. உருகிய கண்ணாடியில் உலோகப் பொருள்களைக் கலந்தும், சூடான கலத்தின் மேல் உலோக உப்புகளின் ஆவி படியச் செய்தும் அவர்கள் பூச்சாடிகளை ஆக்கினர். மலர்போல் வாய் விரிந்தவை சில. மயிலிறகின் கண்ணைத் தம்மகத்தே கொண்டவை சில. நிறம் மேலே தீட்டப்படாமல் கண்ணாடியோடு ஒன்றியிருந்தது. கைவினையைக் குறிக்கும் பழஞ்சொல் ஒன்றைத் தழுவி அதற்கு ‘ஃபாவ்ரில்’ எனப் பெயரிட்டனர்.

சர்க்கரைத் தொழிலதிபர் ஹாவ்மையர் தாம் சேர்த்த ஃபாவ்ரில் கலங்களை 1896இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அரும்பொருளகத்திற்கு வழங்கினார். 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் டிஃபனி உயர்ந்த பரிசு பெற்றார். அவர் பெயரால் விளங்கிய விளக்குகள் பலவற்றை உருவமைத்தவர் கிளாரா டிரிஸ்கால் என்னும் பெண்மணி என்பது பிற்காலத்தில் அவருடைய கடிதங்களால் புலனாயிற்று.

புகழ் நிலையற்றது. முதல் உலகப் போருக்குப் பின் மக்களின் சுவை மாறியது. டிஃபனியின் கலைக்கூடம் 1932இல் நொடித்தது. மறு ஆண்டு சனவரி 17ஆம் நாள் அவர் மறைந்தார். லாங் தீவில் அவர் எழுப்பிய லாரெல்டன் மாளிகையின் பொருள்கள் 1946இல் ஏலம் போயின. 1957இல் மாளிகையும் எரிந்தது.

1930இல் இளம் ஓவியராக அம்மாளிகையில் தங்கியிருந்தவர் ஹியூ மக்கீன். அவரும் அவர் மனைவியார் ஜீனெட் அம்மையாரும் தீக்குத் தப்பியவற்றை விலைகொடுத்து மீட்டனர். ஃபுளோரிடாவின் விண்டர் பார்க் நகரில் அம்மையார் 1942இல் நிறுவிய மோர்ஸ் அரும்பொருளகம் அவற்றுக்குப் புகலிடமாயிற்று. மண்ணுள் கிடந்த பழங்கலங்களின் அழகை டிஃபனி கண்டெடுத்தார். சாம்பலிடைக் கிடந்த டிஃபனியின் அழகைப் பிறர் கண்டெடுத்தனர். அழகை ஆக்குவோரைப் போலவே அதனை அறிந்து காப்போரும் போற்றத்தக்கவர்.