திவான் சேஷாத்ரி ஐயரும் ஒரு மானியமும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் சேஷாத்ரிபுரம் வழியே செல்லாதோர் அரியர். அப்பேட்டைக்குப் பெயர் தந்த சர் கே. சேஷாத்ரி ஐயர் பாலக்காட்டுக் குமாரபுரத்தில் 1845-ஆம் ஆண்டு பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1868-இல் மைசூர் அரசுப் பணியில் சேர்ந்து, 1883 முதல் 1901 வரை திவானாக வீற்றிருந்தார். சிவசமுத்திர மின்சாரத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். ஆதலின் அதனை விடுத்து, ஊரார் டாடா இன்ஸ்டிடியூட் என வழங்கும் இந்திய அறிவியல் கழகத்துக்கு மைசூர் பொருளுதவி செய்த வரலாற்றையே நாம் கூறப் புகுகின்றோம்.

ஆராய்ச்சிக்கென ஒரு பல்கலைக்கழகம் அமைய ஜாம்ஷெட்ஜி டாடா 30 லட்ச ரூபாய் பெறுமான சொத்துக்களை அளிக்க முன்வந்தார். அத்திட்டம் 1898 டிசம்பர் 31-இல் கர்ஸான் பிரபுவிடம் சேர்ந்தது. மாணவர் கிடைப்பரோ, பயின்றவர்க்கு வேலை உண்டோ என அவர் ஐயுற்றார். இந்திய அரசின் கஜானா எளிதில் திறக்கவில்லை.

மைசூர் கஜானாவுக்கும் சுமை குறைவன்று. கோலார் தங்கத்தால் வருவாய் உண்டு என்பது மெய்யே. ஆயினும் 1896 முதல் ஆங்கில அரசுக்கு ஆண்டுதோறும் 35 லட்சம் கப்பம். 1898-இல் பெங்களூரில் பிளேக். காவேரி மின் திட்டச் செலவு வேறு. மகாராஜாவோ சிறுவர், மகாராணியாரே ரீஜெண்டாக ஆண்டுவந்தார். அந்நிலையிலும் ஐயர் ஊக்கத்துடன் முயன்று, கழகம் பெங்களூரில் அமைய வழி செய்தார். மைசூர் இறுதியில் வழங்கியவை 371 ஏக்கர் நிலமும், மூலதனச் செலவுக்கு 5 லட்சமும், ஆண்டுதோறும் 50,000 ரூபாயுமாம்.

இவற்றுள் கடைசியாகக் கூறியதே பெரிது என்போம். நூற்றுக்கு 4 வட்டியில் ஆண்டுக்கு 50,000 ஈட்டப் பன்னிரண்டரை லட்சம் முதல் வேண்டும். ஒருமுறை கொடுத்துக் கட்டடம் எழுப்புதல் எளிது. பஞ்சம் வரினும் பிளேக் வரினும் ஆசிரியர் சம்பளத்துக்கென வரவு செலவுக் கணக்கில் ஒரு வரியை அழியாது வைத்திருத்தலன்றோ அரிது!

ஒரு குறையையும் நாம் மறைத்தல் தகாது. சென்னை மாகாணத்தார்க்கே பெரும் உத்தியோகங்களை அளித்தார் என மைசூர் மக்கள் அவர்மீது மனங்கசந்தனர். அக்கசப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

ஐயர் 1901 செப்டம்பரில் காலமானார். டாடா 1904-இல் மறைந்தார். நிலம் கைமாறியது 1907-இல்; இந்திய அரசின் ஆணை பிறந்தது 1909 மே 27-இல். முதல் மாணவர்கள் 1911 ஜூலையில் சேர்ந்தனர். கப்பன் பூங்காவில் 1913-இல் ஹார்டிஞ்ச் பிரபு திறந்துவைத்த ஐயரின் சிலைக்குப் பின்னே, அவர் பெயர் தாங்கிய நினைவு மண்டபத்தில் நூலகம் இயங்கி வருகின்றது.