அசோகர் மந்தமாயிருந்த ஓராண்டு

கலிங்கப் போர்க்களத்திற் குருதி வெள்ளத்தைக் கண்டதும் அசோகர் மனம் மாறி, மறுநாளே தருமமூர்த்தியாகிவிட்டார் என்று பாடப் புத்தகங்களிற் படித்தோம், மேடைகளிலும் கேட்டோம். அச்சக்கரவர்த்தி தாமே கல்லில் வெட்டுவித்த வரலாறு அதுவன்று. அது மெதுவாய் நடந்த வரலாறு. திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்ற உபாசக உபாசிகையர்க்கு அதிகம் பயன்படுவதும் அதுவே.

அசோகர் சந்திரகுப்த மௌரியரின் பெயரர், பிந்துசாரரின் மைந்தர். கி.மு. 268 அளவில் முடிசூடினார். எட்டாண்டு கழிந்தபின் கலிங்கத்தை வென்றார். அப்போரில் 1,00,000 பேர் மாண்டனர். 1,50,000 பேர் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டனர். அதனினும் பன்மடங்கினர் பிறவாற்றான் மடிந்தனர். இக்கணக்கைப் பகைவர் எழுதவில்லை. வென்ற வேந்தரே தம் பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தில் வருத்தத்தோடு வெளியிட்டார். எனினும் அச்சாசனத்தைக் கலிங்க மண்ணிலுள்ள தௌலியிலும் ஜௌகடாவிலும் அவர் வெட்டுவிக்கவில்லை. சிறைகொண்டோரைத் திருப்பி அனுப்பியதாக ஒரு சொல்லும் அதில் இல்லை. காட்டுமக்களுக்கு ஓர் எச்சரிக்கையும் அதிலேயே உண்டு. நம் பெருமைக்குரிய மன்னர் என்பதற்காக இவற்றை நாம் மறைத்துப் பேசுதல் தகாது.

இனி முக்கிய விஷயத்துக்கு வருவோம். கர்நாடகத்தில் ராய்ச்சூர் ஜில்லா மாஸ்கியிலும், சித்ரதுர்க்க ஜில்லா பிரம்மகிரியிலும், வேறு பல இடங்களிலும் அவருடைய சிறு பாறைச் சாசனம் ஒன்று உள்ளது. 1915-ஆம் ஆண்டில் மாஸ்கிக் கல்வெட்டு கண்டெடுக்கப்பட்ட பின்னரே, தேவர்க்குப் பிரியன் என்று தம்மைக் குறித்துக்கொண்டவர் அசோகரே என்பது ஐயமற விளங்கிற்று. அதில் அவர் தெரிவிப்பது யாதெனில்: தாம் உபாசகராகி இரண்டரை ஆண்டுக்கு மேலாயிற்று, முதல் ஓராண்டு முயற்சியில் மந்தமாகவே இருந்ததுண்டு, சங்கத்தை நெருங்கிய பின், ஓராண்டுக்கு மேலாகத் தீவிரமாய் முயன்று வருகிறார். இப்பயன் பெரியோர்க்கு மட்டும் உரியதன்று, முயன்றால் எளியோரும் அடையலாம் என்றும் அதிலேயே அறிவித்தார். பேரரசர் ஒருவர் தம் சோம்பலைக் குடிமக்கள் அறியக் கல்லிற் பொறிக்க வேண்டிய அவசியம் என்ன? அன்பர்கள் சிந்திக்க வேண்டும். தீக்ஷை பெற்று மூன்று மாதம் மதுவை விட்டிருந்து, நான்காம் மாதம் வழுவி, இனி விகாரைக்கு எம்முகத்தோடு வருவது என்று வீட்டிலேயே தங்கிவிட்ட தோழர் எத்தனையோ பேரை அடியேன் கண்டிருக்கிறேன். ஆலையிற் புதிதாய்ச் சேர்ந்தவன் அறுந்த நூலைப் பிணைக்கவே பல நாள் கற்கிறான். நூல் அறுந்தது என்று எவனும் தறியை விட்டு ஓடுவதில்லை.

அரண்மனை மடைப்பள்ளியின் கதையையும் கேளுங்கள். முன்னாளில் அங்கே உணவுக்காக நாள்தோறும் பல நூறாயிரம் உயிர்கள் கொல்லப்பட்டன. முதற் பாறைச் சாசனம் எழுதப்பெற்ற காலத்தில் அது மூன்றாய்ச் சுருங்கிற்று: மயில் இரண்டு, மான் ஒன்று, அம்மானும் எந்நாளும் இல்லை. இம்மூன்றும் இனிக் கொல்லப்படமாட்டா என்று உறுதியும் கூறினார். முற்றும் விட்டபின் எழுதலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. எஞ்சிய மூன்றையும் எண்ணிக் காட்டினார். முடிசூடி இருபத்தாறாண்டு கழிந்தபின் எழுதிய தூண் சாசனத்திற் கிளி, நாகணவாய், அன்னம், வௌவால் முதலிய பல உயிர்களைக் கொல்லலாகாது என்று விதித்தார். அப்பட்டியலில் மயிலைக் காணோம்! காரணத்தை அவரவர் ஊகித்துக் கொள்க.

வேட்டையை விட்ட முறையும் கவனிக்கத் தக்கது. முன்னைய அரசர்கள் வேட்டைக்கும் உல்லாசத்துக்கும் யாத்திரை சென்றனர். முடிசூடிப் பத்தாண்டான பின் அவர் போதி மரத்தடிக்குச் சென்றார். அதுமுதல் தரும யாத்திரை தொடங்கிற்று. பயணம் நிற்கவில்லை, பயணத்தின் நோக்கம் மாறிற்று. முதியோரைக் காண்பதும், தானமளிப்பதும், நாட்டுப்புற மக்களோடு தருமத்தைப் பற்றி உரையாடுவதும் வேட்டையின் இடத்தைப் பெற்றன. அம்மகிழ்ச்சியே தமக்கு மேலானது என்றும் அவர் எழுதுவித்தார். வெறுமனே விட்ட வழக்கம் திரும்பி வரும். அவ்விடத்தில் வேறொன்று வந்து அமர்ந்துவிட்டால் அதற்கு இடமில்லை.

மனித மனத்தை அவர் நன்கறிந்திருந்தார். ஒவ்வொருவனும் தான் செய்த நன்மையையே காண்கிறான், தீமையைக் காண்பதில்லை, அவ்வாறு தன்னைத் தானே சோதிப்பது மிகக் கடினம் என்பதை மூன்றாம் தூண் சாசனத்தில் விளக்கினார். கொடுமை, சினம், செருக்கு, பொறாமை இவற்றைப் பெயர் சொல்லிக் காட்டினார். ஆகவே நினைவூட்டலை மக்களின் விருப்பத்துக்கே விட்டுவிடவில்லை. கலிங்கத்துத் தனிச் சாசனங்கள் பூச நாள்தோறும் வாசிக்கப்படவேண்டும், இடையிலும் வாசிக்கலாம், கேட்பவர் ஒருவரேயாயினும் வாசிக்கலாம் என்று கட்டளையிட்டார். சாரநாத்திலோ, உபாசகர்கள் உபோசத நாள்தோறும் வந்து சாசனத்தில் நம்பிக்கையை உறுதிப்படுத்திக்கொள்ள ஏற்பாடு செய்தார். உபோசதத்துக்கு நான்கு பேரே வந்தார்கள் என்று வருந்தும் கிளைச் சங்கத்தார் இதைக் கருதுக.

இருபத்தேழாண்டு கழிந்தபின் எழுந்த ஏழாம் தூண் சாசனத்தில் அவர் தம் பணி முழுவதையும் திரும்பிப் பார்த்தார். நிழலுக்கு ஆலமரங்களும், நீருக்குக் கிணறுகளும், தரும மகாமாத்திரர்களின் பணியும் அதில் வரிசையாய் வருகின்றன. மக்கள் தருமத்தில் வளர்ந்தது இரு வழிகளால்: சட்டத் தடைகளாலும், உள்ளத்தில் ஆழ்ந்து சிந்திக்கச் செய்ததாலும். தடைகளால் விளைந்தது சிறிதே, சிந்தனையால் விளைந்ததே அதிகம் என்று, தடைகள் பலவற்றை விதித்த அம்மன்னரே தீர்ப்பளித்தார். அதற்குப் பின்னும் சுமார் பத்தாண்டுகள் அவர் வாழ்ந்தார். கி.மு. 232 அளவில் காலமானார்.