தமிழில் வேதம் தந்த சீகன்பால்கு

ஜெர்மனியில் 1682-ல் பிறந்த சீகன்பால்கு ஐயர் 1706-ல் தரங்கம்பாடியில் கரை இறங்கினார். பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து தமிழ் எழுத்து படிச்சார். டேனிஷ் அதிகாரி நாலு மாசம் காவலில் வைத்தும் சோர்ந்துபோகலை. 1711-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் முடித்தார். 1715-ல் முழுதும் அச்சாகி வந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்கும் வந்தவர், 1719-ல் 36 வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். மீதியை வேறு ஊழியர்கள் முடித்தார்கள்.

இவ்வளவு பாடு எதுக்கு? நாத்து நடுகிற அம்மாவும் தேவசித்தத்தைத் தன் பாஷையிலேயே அறிந்து, மனந்திரும்பி, அதின்படி நடக்கத்தானே!

கோலியனூரில் வீடு சந்திக்கப் போனால், கெட்ட சொப்பனம் வராதிருக்கத் தலையணைக்கடியில் வேதத்தை வைத்திருக்கிறதைப் பார்க்கிறேன். வேதம் தாயத்து இல்லை, பிரியமானவங்களே. எடுத்துத் திறங்க. அவர் நிறுத்தின ரூத்திலிருந்தே ஆரம்பிங்க, நாலே அதிகாரம்தான். ஆமென்.